விருதுநகர், பகல் பன்னிரண்டு

சங்கிலி மச்சான் சாலையில் ஓடமாட்டார். மழை கொட்டினாலும் நடந்துதான் வருவார். கடைசி பஸ் கண்ணெதிரே கிளம்பினாலும் நடந்துதான் போவார். பதினாறு வருஷம் ரங்கூனில் இருந்துவிட்டு, யுத்தம் துரத்த, பாதி வழி கால்நடையாகவே வந்து எழுமலைக்குக் கிழக்கே எங்கள் ஊரில் சேர்ந்த எனக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"உன் வீட்டுக்காரருக்கு அவசரமே வராதாக்கா?" என்று என் அக்கா அன்னக்கொடியைக் கேட்டேன்.

"வராம என்ன? ஓடுனா விடணுமே," என்றாள். "ரோட்டுல நம்ம ஆளு ஒருத்தன் ஓடுனா, எதுக்கு ஓடுறேன்னு எவனும் கேக்கமாட்டான். பிடிச்சுக் கட்டிட்டுத்தான் கேப்பான்."

மச்சானின் அண்ணன் மருது அப்படித்தான் ஒரு காதை இழந்தார். பெண்டாட்டிக்கு வலி கண்டபோது மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடியிருக்கிறார். பக்கத்து ஊர்க்காரர்கள் மடக்கிப் புளியமரத்தில் கட்டி, காதோடு அறைந்தார்கள். விஷயம் தெரிந்து அவிழ்த்துவிட்டபோது பிள்ளை பிறந்து, அழுது, தூங்கியும்விட்டது. அந்த இடது காதில் இன்றுவரை எதுவும் விழுவதில்லை.

எங்கள் பக்கத்து ஆண்கள் ரேகைச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். பத்து விரல் ரேகையும் ஸ்டேஷன் பதிவேட்டில் இருக்கும். திருடியவன், திருடாதவன் என்ற பேதம் அதில் இல்லை. பிறந்த ஊர் போதும். பொழுது சாய்ந்ததும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, அங்கேயே கொட்டகையில் படுத்து, விடிந்த பிறகு வீடு திரும்ப வேண்டும். வெளியூர் போவதென்றால் கையில் ராதாரிச் சீட்டு வேண்டும். எந்த வழி, எந்த ஸ்டேஷன், எத்தனை மணி என்று அதில் எழுதிக் கொடுப்பார்கள். எழுதிய இடத்தில் எழுதிய நேரத்துக்கு நிற்காதவன் ஜெயிலுக்குப் போவான்.

மச்சான் ரோட்டுக்கு ஜல்லி சுமந்து, பிறகு லாரி கழுவி, இருபதாவது வயதில் ஸ்டீயரிங் வளையம் பிடித்தவர். பதினெட்டு வருஷமாக டிரைவர். ஆனால் அவருக்குத் தெரிந்த சாலை மதுரையிலிருந்து எழுமலை வரைக்கும்தான், முப்பது மைல். பொழுது சாயுமுன் திரும்பிவிடக்கூடிய தூரம் அவ்வளவுதான். மற்ற டிரைவர்கள் திருச்சி, கோயமுத்தூர் என்று பேசிக்கொண்டிருக்கும்போது இவர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

யுத்தம் வந்து பெட்ரோல் கூப்பனுக்குப் போனது. பஸ்களும் லாரிகளும் கரிக்கு மாறின. டிரைவர் பக்கத்திலோ வண்டியின் பின்னாலோ ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரி எரியும். அந்தக் கரியிலிருந்து வரும் வாயுவில் எஞ்சின் ஓடும். கிளப்புவதற்கு மட்டும் இரண்டு மடக்குப் பெட்ரோல். பெரிய டிரைவர்களெல்லாம் அந்த உருளையைத் திட்டிக்கொண்டே ஓட்டினார்கள். மச்சான் மட்டும் அதோடு பேசிப் பழகினார். எந்த மரத்துக் கரி எப்படி எரியும் என்பது மலையடிவாரத்துக்காரருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. மற்ற லாரிகள் இரண்டு முறை நிற்கும் தூரத்தில் இவர் வண்டி ஒரு முறை நின்றது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் வந்த புது இன்ஸ்பெக்டர் மச்சானிடம் சொன்னார்: ஒரு வருஷம் ஒரு பிசகும் இருக்கக் கூடாது, மதிப்புள்ள ஒருவர் நன்னடத்தைக் கடிதம் தர வேண்டும், இரண்டும் இருந்தால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்க எழுதுவேன் என்று. அதற்குப் பிறகு மச்சான் கள்ளுக்கடை இருக்கிற தெருவில்கூட நடக்கவில்லை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போய்ப் படுத்தார். பத்து மாதம் முடிந்திருந்தது. கடிதத்துக்கு அவர் நம்பியிருந்தது லாரி முதலாளி ரெங்கம்மாளை.

ரெங்கம்மாள் செல்லூரில் தறிகள் வைத்திருந்தார். புருஷன் இறந்த பிறகு தறிகளோடு லாரியும் அவர் தலையில் விழுந்தது. கணக்கில் கறார், பேச்சில் அதைவிடக் கறார். பங்குனி பிறந்ததும் மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் எனக்குக் கால் அரிக்கும்.

"மூணு மாசமா நாகர்கோவில் சரக்கு முடங்கிக் கெடக்கு," என்றார் ரெங்கம்மாள். "ரயில்ல கேட்டா வேகன் பூராம் பட்டாளத்துக்குன்றான். எம்புட்டு மைலு?"

"நூத்தம்பது இருக்கும்மா," என்றார் மச்சான்.

"கரியில போகுமா?"

"கரி நல்ல கரியா இருந்தா கைலாசத்துக்கே போகும்."

"கைலாசம் மேடு மாப்ள. கரி வண்டி ஏறாது," என்றார் காளை. அவர்தான் லாரியின் கிளீனர். டிரைவரைவிடப் பத்து வயது மூத்தவர். அலங்காநல்லூர்க்காரர், அவருக்கு ரேகை கிடையாது. பதினாறு வருஷம் ஊரில் இல்லாத என் பெயரும் பதிவேட்டில் ஏறியிருக்கவில்லை.

ரெங்கம்மாள் சிரிக்கவில்லை. "சங்கிலி, நேராவே கேக்குறேன். நீ நேரம் தப்பி வழியில பிடிபட்டா, என் லாரி எந்தப் புளியமரத்தடியில நிக்கும்?"

"தப்பமாட்டேன்."

"சரி. போயிட்டு வந்து வண்டிய இந்த வாசல்ல நிறுத்து. கடுதாசியில கையெழுத்துப் போடுறேன்."

"முன்னாடியே போட்டுத் தந்தீகன்னா..."

"போட்டுத் தந்து, மறாநாளு நீ தப்பிட்டேன்னா என் கையெழுத்துக்கு என்னய்யா மதிப்பு? போயிட்டு வா."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடிதம் வேண்டுமானால் போக வேண்டும். போனால் ஒவ்வொரு மைலும் பத்து மாதத்தைப் பறிக்கக் காத்திருக்கும். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு, "வாரேம்மா," என்றார்.

அன்றிலிருந்து பன்னிரண்டு நாள் அந்தப் பயணத்தைத் தவிர வேறு பேச்சில்லை. லாரிக் கொட்டகைத் தரையில் மச்சான் ஒரு கரித்துண்டால் சாலையை வரைவார். திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு, திருநெல்வேலி, நாங்குநேரி, ஆரல்வாய்மொழி. ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்த டிரைவர்களிடம் கேட்டுக் கேட்டு, எங்கே மேடு, எங்கே பாலம் உடைந்திருக்கிறது, எங்கே கிணறு, எங்கே எதிர்காற்று என்று குறித்துக்கொள்வார். நான் அதைத் தாளில் எழுதுவேன். ஒரு மூட்டைக்கு இருபது மைல், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் பதினைந்து. போக எட்டு மூட்டை, வர எட்டு. திரும்பும்போது கோவில்பட்டியிலிருந்து மதுரைக்கு வேண்டிய மூன்று மூட்டையை மட்டும் அங்கே இறக்கி வைத்துவிட்டுப் போவது என்று முடிவாயிற்று.

"வழியில கடைக்கரி வாங்கிக்கலாமே மாப்ள," என்றார் காளை.

"கடைக்கரியில பாதி பட்டை, மீதி மண்ணு. வழியில நின்னா உனக்கு ஒரு வேளச் சோறு போகும். எனக்கு?"

ஆகவே பதினாறு மூட்டையும் எங்கள் மலையடிவாரத்துக் கரியே. உசில மரமும் கருவேலமும் மட்டும். பட்டை இருக்கக் கூடாது. ஒவ்வொரு துண்டும் எலுமிச்சங்காய் அளவு. பொடியைச் சலித்துவிட வேண்டும். இதையெல்லாம் மச்சான் அன்னக்கொடியிடம் மூன்று முறை சொன்னார். நாலாவது முறை தொடங்கியபோது அவள், "நான் கரி மூட்டத்துக்குப் பக்கத்துலதான் பொறந்தேன். நீங்க வண்டிய ஓட்டுங்க, நான் கரியப் பாக்குறேன்," என்று முடித்துவிட்டாள்.

பெட்ரோலுக்கு இரண்டு கேலன் கூப்பன் ஒன்று கிடைத்தது. திருநெல்வேலியில்தான் மாற்ற முடியும். அதற்காக ஒரு காலி டின்னை லாரியில் கட்டினோம். கிளப்புவதற்கு ஒரே ஒரு பாட்டில் பெட்ரோல். அதை வாங்குவதற்காக நானும் காளையும் மச்சானும் மதுரையில் ஒரு பெட்ரோல் பங்குக்குப் போன அன்று, பெட்ரோல் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லத் தெருவே ஓடியது. வக்கீல் வீட்டு டிரைவர் ஓடுகிறார், டாக்டரின் கம்பவுண்டர் ஓடுகிறார், அங்கவஸ்திரம் போட்ட ஒரு பெரியவர்கூட ஓடுகிறார். எல்லார் கையிலும் டின். திண்டில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் வெற்றிலையை மென்றுகொண்டு பார்த்தார்.

"இப்பம் ஊருல டின்னத் தூக்கிட்டு ஓடுறவந்தான் பெரிய மனுசன்," என்றார் காளை.

மச்சான் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் மெல்ல நடந்து வந்து, கடைசி ஆளாக நின்றார்.

சீட்டு வாங்குவது கடைசி வேலை. ஸ்டேஷனில் ஏட்டு எழுதினார். முதல் நாள் இரவு மதுரை ஸ்டேஷனில் படுக்கை, காலை ஆறு மணிக்கு அங்கே கையெழுத்து. விருதுநகரில் பகல் பன்னிரண்டு. கோவில்பட்டியில் மாலை ஆறு, இரவு அங்கேயே ஸ்டேஷனில் படுக்கை. மச்சான், "விருதுநகருக்கு ரெண்டு மணின்னு போடுங்கய்யா. கரி வண்டி," என்று கேட்டிருக்கிறார்.

"இருபத்தெட்டு மைலுக்கு ஆறு மணி நேரம் பத்தாதா? நடந்தே போயிரலாமேடா," என்று ஏட்டு சிரித்தாராம்.

கரியை மதுரைக்குக் கொண்டுபோய்த் திரும்பத் தெற்கே கொண்டுவருவது வீண் வேலை. அதனால் அன்னக்கொடி மாட்டுவண்டியில் உசிலம்பட்டி வழியாக நேரே திருமங்கலத்துக்குக் கரியைக் கொண்டுவருவது, செல்லூரிலிருந்து வரும் லாரி அங்கே ஏற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. நான் அக்காவோடு வண்டியில் வந்து, திருமங்கலத்தில் லாரியில் ஏறிக்கொள்ள வேண்டும். ரசீதும் கூப்பன் பாரமும் இங்கிலீஷில் இருக்கும், வாசிக்க ஒரு ஆள் கூடப் போகட்டும் என்று ரெங்கம்மாள் சொல்லியிருந்தார். "ஊர் சுத்துன காலு, சொல்லவா வேணும்," என்றாள் அக்கா.

முதல் நாள் காலையில் வண்டியில் வைக்கோல் பரப்பி மூட்டைகளை அடுக்கினோம். அடுக்கி முடித்ததும் அக்கா இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். வேப்பங்கொத்தால் ஒவ்வொரு மூட்டைமேலும் தெளித்தாள். கை வலித்ததும் கொத்தை என்னிடம் கொடுத்தாள். நானும் தெளித்தேன். எங்கள் பக்கத்தில் தண்ணீர் தெளிக்காமல் எந்தக் கரி வண்டியும் கிளம்பாது. மூட்டத்திலிருந்து எடுத்த கரியில் எங்காவது ஒரு துண்டு உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். காற்றுப் பட்டால் மூட்டை பற்றிக்கொள்ளும். முந்தின வருஷம் இருளாயி என்பவளின் வண்டி வைக்கோலோடு எரிந்து, ஒரு மாடு செத்தது. அதனால் அக்கா மத்தியானம் ஒரு தடவை, பொழுது சாய சிந்துபட்டிக் கண்மாயில் இன்னொரு தடவை தெளித்தாள். கண்மாயில் குடத்தோடு ஊற்றினோம். ராத்திரியில் கண்ணயர்ந்துவிட்டால் பயம் என்றாள்.

திருமங்கலத்தில் லாரி ஏழே முக்காலுக்கு வந்தது. மச்சான் காக்கிச் சட்டையில் இருந்தார். மேல்பையில் ரெங்கம்மாளின் புருஷனுடைய சங்கிலிக் கடிகாரம். ஆறு மணிக்கு மதுரையில் சீட்டில் கையெழுத்து வாங்கியாயிற்று. இறங்கியதும் அவர் வண்டிக்கடியில் படுத்து வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். காளையும் வண்டிக்காரரும் மூட்டைகளை ஏற்றினார்கள்.

"கரியா கல்லா ஆத்தா? இடுப்பு போகுது," என்றார் காளை.

"உசிலக் கரி அப்படித்தான் கனக்கும். உங்க ஊருப் பொட்டக் கரியா?" என்றாள் அக்கா.

காளை இரண்டு மூட்டையை அவிழ்த்து உருளையை மேல்வரை நிரப்பினார். "நல்ல கரி. தூசியே பறக்கலயே," என்று மெச்சினார். வண்டிக்கடியிலிருந்து மச்சானின் சிரிப்புக் கேட்டது.

எட்டே முக்காலுக்குப் புறப்பட்டோம். அக்கா சக்கரத்தருகே நின்று, "வண்டிய அப்புறம் பாருங்க. மொதல்ல நேரத்தப் பாருங்க," என்றாள்.

கள்ளிக்குடி தாண்டும்வரை எல்லாம் சரியாக இருந்தது. மச்சான் ஒவ்வொரு மைல்கல்லையும் வாய்விட்டுப் படித்தார். எண்கள் அவருக்குத் தெரியும். "முன்னப் பின்ன பாக்காத கல்லு," என்று ஒரு தடவை சொன்னார். பிறகு எஞ்சினின் சத்தம் மாறியது. இருமுவதுபோல் இரண்டு தடவை. மச்சான் காற்றுத் திருகை முறுக்கினார். லாரி இன்னும் அரை மைல் தள்ளாடி, ஒரு கருவேல மரத்தின் பக்கத்தில் நின்றுவிட்டது. மணி ஒன்பதரை. மைல்கல்லில் விருதுநகர் ஏழு என்று இருந்தது.

காளை உருளைக்குக் காற்றடிக்கும் விசிறியைக் கையால் சுற்றினார். மச்சான் ஹேண்டில் போட்டார். பாட்டிலிலிருந்து பெட்ரோல் விட்டார்கள். எஞ்சின் கிளம்பியது, கரிக்கு மாற்றியதும் செத்தது. மறுபடியும் விட்டார்கள். மறுபடியும் செத்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு மச்சான் பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். கால் பாட்டில்தான் மிச்சம்.

காளை உருளையின் மூடியைத் திறந்தார். புகையல்ல, வெள்ளையாக ஆவி வந்தது. இட்லிப் பானையைத் திறந்த மாதிரி.

ஆவி என்றால் என்ன என்று அவர்கள் யோசிக்குமுன் எனக்குத் தெரிந்துவிட்டது. "தண்ணி தெளிச்சோம் மச்சான்," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "எத்தன தடவ?"

"மூணு. கண்மாயில குடத்தோட."

அவர் ஒரு மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டார். இரண்டு துண்டு எடுத்து ஒன்றோடு ஒன்றைத் தட்டினார். காய்ந்த கரி கிண்ணென்று பேசும். இது ஊமையாக இருந்தது. அடுத்த மூட்டை, அதற்கடுத்தது. எல்லாம் ஊமை. இதுவரை வண்டி ஓடியது உருளையின் அடியில் மிச்சமிருந்த செல்லூர்க் கரியில்.

"அன்னக்கொடிக்குப் புத்தி எங்க..." என்று காளை ஆரம்பித்தார்.

"அவள ஒண்ணும் சொல்லாத மாமா. வண்டிக் கரிக்குத் தண்ணி தெளிக்காம எவ அனுப்புவா? தெளிக்காட்டி வண்டி எரியும்." மச்சான் கையில் இருந்த கரியைக் கீழே போட்டார். "செல்லூருக்கு வர்ற கரியும் தெளிச்சு வர்றதுதான். பத்து நாளு கொட்டகையில கெடந்து காஞ்சிரும். அத நான் நெனச்சுப் பாக்கல."

என் மடியில் அந்தத் தாள் இருந்தது. எந்த மரம், எத்தனை மூட்டை, எங்கே கிணறு, எங்கே காற்று, எல்லாம் என் கையெழுத்தில் இருந்தது. தண்ணீர் என்ற வார்த்தை கிணற்றுக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது.

உருளையைக் காலி செய்தோம். தார்ச்சாலை ஓரத்தில் நாலு மூட்டைக் கரியைக் கொட்டி ஒற்றை அடுக்காகப் பரப்பினோம். பங்குனி வெயில், தார் இளகிக் காலில் ஒட்டியது. மூவரும் குனிந்து கரியைத் திருப்பிக்கொண்டே இருந்தோம். மச்சான் அடிக்கடி இரண்டு துண்டுகளை எடுத்துத் தட்டிப் பார்ப்பார். தட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். பத்து. பத்தே கால். ஒரு பட்டாள லாரி வரிசை எதிர்ப்பக்கம் போனது. பெட்ரோல் கேட்டுக் கையை ஆட்டினோம், மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போய்விட்டது. காலை பஸ் முன்பே போயிருந்தது. அடுத்தது இரண்டு மணிக்குமேல்.

"பின்னாடி கள்ளிக்குடியிலயே யாருட்டயாவது சொல்லி எழுதி வாங்கலாமே," என்றேன்.

"சீட்டுல விருதுநகர்னுதான் இருக்கு. வேற எடத்துல போய் நின்னா, வழி மாறி வந்தவன்னு உள்ள தள்ளிருவாக."

பத்தரை ஆனது. மச்சான் ஒரு கரித்துண்டை இன்னொன்றில் தட்டினார். லேசாகக் கிண்ணென்றது, ஆனால் லேசாகத்தான்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் காயணும்," என்றார். எழுந்து நின்றார். "நான் நடக்குறேன் மாமா. காஞ்சதும் நீ கிளப்பிட்டு வந்துரு. ஓட்டத் தெரியும்ல?"

"தெரியும். ஏழு மைலு நடந்தா நீ எத்தன மணிக்குப் போவ?"

மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த வெயிலில் இரண்டே கால் மணி நேரம். பன்னிரண்டே முக்கால்.

"அப்ப ஓடு."

"மாமா."

"ஓடுடாங்குறேன்."

மச்சான் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். சட்டை, கை, முகம், எல்லாம் கரி. ராத்திரித் திருடன் உடம்பில் கரி பூசிக்கொள்வான் என்று இந்தச் சமவெளி முழுவதும் சொல்வார்கள். இப்படி ஒருவன் பட்டப்பகலில் தலைதெறிக்க ஓடினால் முதல் ஊரிலேயே மடக்குவார்கள். கட்டி வைத்து, விசாரித்து, சீட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அவர் தன் இடது காதைத் தொட்டார். தொட்டது அவருக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

"நடந்தே போறேன்," என்றார். வேகமாக நடந்தார். இருபது முப்பது அடி போயிருப்பார்.

காளை லாரியின் பக்கவாட்டுக்குப் போய்க் கயிற்றை அறுத்தார். "மாப்ள," என்று கூப்பிட்டு, காலி டின்னோடு ஓடிப்போய் அவர் கையில் திணித்தார். "இதப் பிடி. இப்பம் ஓடு. எவன் கேப்பான் பாக்கேன்."

மச்சான் டின்னைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். முதலில் நடையும் ஓட்டமுமாகப் போனார். வளைவுக்குச் சற்று முன்னால், வேட்டியை மடித்துக் கட்டியதையும் டின் வெயிலில் பளிச்சென்று ஆடியதையும் பார்த்தேன். அவர் ஓடினார். முப்பத்தெட்டு வயது மனிதர் ஓடக் கற்றுக்கொள்வது அந்தத் தூரத்திலிருந்தும் தெரிந்தது.

நானும் காளையும் மறுபடி குனிந்தோம். கரியைத் திருப்பினோம். காளை நிமிஷத்துக்கொரு தரம் தட்டிப் பார்த்தார். கடிகாரம் மச்சானோடு போய்விட்டதால் நிழலைப் பார்த்துக்கொண்டோம். நிழல் காலடிக்கு வந்தபோது காளை, "ஆச்சு. எது நடக்கணுமோ நடந்திருக்கும்," என்றார். அதற்கப்புறம் இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கரி பேசியது. கால் பாட்டிலில் எஞ்சின் கிளம்பியது.

வழியெல்லாம் நான் புளியமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எதிலும் யாரும் கட்டப்பட்டிருக்கவில்லை. நாலு மைல் தள்ளி ஒரு டீக்கடையில் காளை லாரியை மெதுவாக்கி, "டின்னோட ஒருத்தர் போனாரா?" என்று கேட்டார்.

"போனாரே. விருதுநகர்ல எண்ணெய் வந்துருச்சுபோல. எங்க ஊராளுக ரெண்டு பேரும் பாட்டிலத் தூக்கிட்டுப் பின்னாடியே ஓடுனாக," என்றார் கடைக்காரர்.

விருதுநகர் ஸ்டேஷன் வாசல் படியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டின். எதிரே இரண்டு பேர், கடைகளெல்லாம் தேடிவிட்டுக் காலிச் சீமெண்ணெய்ப் பாட்டிலோடு வந்து நின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு மைலா கத்துனோம்ல. பெட்ரோலா சீமெண்ணெயா, எங்க வந்திருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா என்னண்ணே?"

"பின்னாடி ரெண்டு பேரு நில்லு நில்லுன்னு ஓடிவந்தா நான் நிப்பேனாப்பா?" என்றார் மச்சான்.

அவர்கள் பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். திரும்பியே பார்க்கவில்லை. அவர்கள் கத்தக் கத்த இன்னும் வேகமாக ஓடி, ஸ்டேஷன் படியில்தான் வந்து விழுந்திருக்கிறார். இங்கே இருந்த ஏட்டு, "எதுக்குய்யா இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டாராம். டின்னைப் பார்த்துவிட்டு அவரே, "இங்கயும் கெடயாது, போ," என்று சொல்லிச் சீட்டை வாங்கினாராம்.

நான் சீட்டை வாங்கிப் பார்த்தேன். பதினொன்று ஐம்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது.

"கோவில்பட்டிக்கு ஆறு மணி. முப்பது மைலு," என்றார் மச்சான். காளை கை கொடுத்துத் தூக்கிவிட்டார். மிச்சமிருந்த மூட்டைகளை லாரியின் மேல் கொட்டி, வெயிலில் காய வைத்துக்கொண்டே ஓட்டினோம். டின்னை அவர் கட்டவிடவில்லை. கைக்கெட்டும்படி காலடியில் வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் லாரி செல்லூர் வாசலில் வந்து நின்றது. ரெங்கம்மாள் சீட்டிலிருந்த எல்லாக் கையெழுத்தையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுக் கடிதத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். ஆவணியில் பதிவேட்டில் மச்சானின் பெயரை அடித்தார்கள். மருதுவின் பெயர் இன்னும் இருக்கிறது. அன்னக்கொடி இப்போதும் கரி மூட்டைக்குத் தண்ணீர் தெளிக்கிறாள். லாரிக்குப் போகிற கரியை மட்டும் ஒரு வாரம் முன்னதாகக் கொண்டுவந்து வெயிலில் கொட்டிவிடுகிறாள்.

போன வாரம் உசிலம்பட்டியில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் ஓடி ஒதுங்கினார்கள். மச்சான் மட்டும் நனைந்துகொண்டே நடந்து வந்தார்.

"இப்பத்தான் பேர எடுத்தாச்சே, ஓடி வந்தா என்ன?" என்று கேட்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே, "கையில டின் இல்லயே," என்றார்.